கோயம்புத்தூரின் வால்: ஓர் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் பட்ட பாடு

2020 ஜூன் மாதம். கொரோனா ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். தமிழக அரசின் அரசாணை ஒன்று கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. ஏப்ரல் 1 தேதியிட்ட ஆணை. (தேதியைப் பார்த்தால் விளையாட்டு என்று தோன்றும். நிஜமான ஆணைதான்.) தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்குத் தகுந்தபடி மாற்றுவதாக அது சொன்னது. எழும்பூர், திருவல்லிக்கேணி, தூத்துக்குடி, வேலூர் என்று நீளும் பட்டியலில் கோயம்புத்தூரும் இருந்தது.

இங்கே ஒரு சின்ன சிக்கல். ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் எழுத்தில் விளக்க வேண்டும் என்றால் இரண்டு 'பி', இரண்டு 'டி' வந்து குழப்பும். அதனால் இந்தக் கட்டுரையில் 'பஸ்ஸின் பி', 'பேப்பரின் பி', 'டீயின் டி', 'டாக்டரின் டி' என்று அடையாளம் வைத்துக்கொள்வோம். இந்த அடையாளம் ஏன் தேவைப்படுகிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது!

கோயம்புத்தூரின் பழைய ஸ்பெல்லிங் பத்து எழுத்து: சி-ஓ-ஐ-எம்-பி-ஏ-டி-ஓ-ஆர்-ஈ. புதிய ஸ்பெல்லிங் பதினான்கு எழுத்து: கே-ஓ-ஒய்-ஏ-எம்-பி-யு-டி-எச்-டி-எச்-ஓ-ஓ-ஆர். பழையதில் வருவது பஸ்ஸின் பி. புதியதில் வருவது பேப்பரின் பி. நடுவில் 'டி-எச்-டி-எச்' என்று ஒரு ரயில்வண்டி. பார்த்தவர்கள் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள், கேலிப்படம் போட்டார்கள். ஒரு வாரம் தாண்டியதும், ஜூன் 18 அன்று, ஆணை திரும்பப் பெறப்பட்டது.

சிரித்து முடித்தாகிவிட்டது. ஆனால் அந்த டி-எச்-டி-எச் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விஷயம் சுவாரஸ்யமாக இருக்கிறது. அது யாரோ தூக்கக் கலக்கத்தில் அடித்த எழுத்து கிடையாது. ஒரு மொழியில் சொல்லோடு வால் சேரும்போது நடக்கும் விதியை இன்னொரு மொழியின் எழுத்தில் அப்படியே எழுதப் பார்த்ததன் விளைவு அது.

ஊர்ப்பெயர் என்பது பெரும்பாலும் ஒரு தலையும் ஒரு வாலும் சேர்ந்தது. கொங்கு நாட்டு வரைபடத்தில் கண்ணை ஓட்டினால் வால்கள் வரிசையாக நிற்கும். ஊர், பாளையம், பட்டி, புரம், மங்கலம், வலசு. பாளையம் என்றால் படை தங்கிய இடம். பாளையக்காரர் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லை வெள்ளைக்காரர்கள் 'பாலிகர்' ஆக்கினார்கள். மேட்டுப்பாளையம், கவுண்டம்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் எல்லாம் இந்த வகை. இவற்றில் 'ஊர்' என்ற வால்தான் ரொம்பப் பழையது, எல்லா இடத்திலும் இருப்பது. பேரூர், சூலூர், அன்னூர், காட்டூர், வெள்ளலூர், சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

இந்த வால் ஒட்டும்போது தலை சும்மா இருப்பதில்லை. பெருமை என்ற சொல்லோடு ஊர் சேர்ந்தால் 'மை' கழன்று, முதல் எழுத்து நீண்டு, பேரூர் ஆகிறது. சிறுமையோடு சேர்ந்தால் ஒற்று இரட்டித்துச் சிற்றூர். புதுமையோடு சேர்ந்தால் அதேபோல் த் இரட்டித்துப் புத்தூர். காடு என்பதோடு சேர்ந்தால் ட் இரட்டித்துக் காட்டூர். இதற்கெல்லாம் நன்னூலில் விதி உண்டு, பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'தன்னொற்றிரட்டல்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும் :)

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் சனகாபுரம். அது பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரம்தான் என்று கொங்கு வட்டாரத்தில் சொல்வார்கள். அறிஞர்களிடையே வேறு கருத்தும் உண்டு. கொங்குக்காரர்கள் சொல்வது சரி என்றால், புத்தூருக்கு விதி சொன்னவரும் பக்கத்து ஊர்க்காரர்தான்!

புத்தூரைப் போலவே புதூரும் கொங்கில் நிறைய. ஒண்டிப்புதூர், கணபதி புதூர் என்று நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இங்கே ஒற்று இரட்டிக்கவில்லை. புது + ஊர், அவ்வளவுதான். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே. கோயம்புத்தூர் என்ற பெயருக்குக் கோவன் என்ற இருளர் தலைவனின் புத்தூர் என்று ஒரு கதை சொல்வார்கள். கோனியம்மனோடு சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. தலையைப் பற்றித்தான் சண்டை. வாலைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். அங்கேயும் வால் சேர்ந்தால் ஒற்று இரட்டிக்கும் விதி உண்டு என்பது பள்ளியில் படித்ததுதான். 'ரன்' என்ற சொல்லோடு 'இங்' சேர்ந்தால் 'என்' இரண்டாகி 'ரன்னிங்'. 'பிக்' என்பதோடு 'ஈ-ஆர்' சேர்ந்தால் 'ஜி' இரண்டாகி 'பிக்கர்'. கடைசியில் சத்தமில்லாத 'ஈ' இருந்தால் அது கழன்றுவிடும். 'மேக்' என்பது 'மேக்கிங்' ஆகும்போது நடுவில் 'ஈ' இருக்காது. பார்ப்பதற்கு நன்னூல் விதியைப் போலவே இருக்கிறது, இல்லையா? கெடுதல், இரட்டல் எல்லாம் உண்டு.

ஆனால் அடிப்படையில் பெரிய வித்தியாசம். தமிழில் புத்தூர் என்று எழுதினால் த் நிஜமாகவே அழுத்தி ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'ரன்னிங்' என்ற சொல்லில் இரண்டு 'என்' போட்டாலும் ஒரு ஆங்கிலேயர் வாயில் ஒரு 'ன்' தான் வரும். அங்கே இரட்டை எழுத்து என்பது அதற்கு முன்னால் நிற்கும் உயிர் குறில் என்று காட்டும் அடையாளம் மட்டுமே.

இது எவ்வளவு குழப்பும் என்பதற்கு இரண்டு ஊர்களே போதும். வேலூர், நெல்லூர். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைத் தவிர இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். இரண்டிலும் இரண்டு 'எல்', கடைசியில் 'ஓ-ஆர்-ஈ'. தமிழில் பார்த்தால் நெல்லூரில் குறிலும் இரட்டை ல்லும் நிஜமாக இருக்கின்றன. வேலூரில் இருப்பது நெடில், ஒற்றை ல. ஆங்கில ஸ்பெல்லிங்கை நம்பிப் படிக்கிற வெளியூர்க்காரர் 'வெல்லோர்' என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'டி-எச்' போன்ற இரட்டை எழுத்து ஒலிகள் இரட்டிப்பதே கிடையாது. 'பாத்' என்பதோடு 'இங்' சேர்ந்தால் எதுவும் கூடாது. வழக்கமான ஆங்கிலச் சொல் எதிலும் டி-எச்-டி-எச் என்று நான்கு எழுத்தும் வரிசையாக வந்து பார்க்க முடியாது. 'மேத்யூ' என்ற பெயரில்கூட டி-டி-எச் என்று ஒரு டி மட்டும் கூடுதலாகப் போட்டு நிறுத்திவிடுவார்கள். அரசாணையின் ஸ்பெல்லிங் கண்ணை உறுத்தியதற்கு இதுதான் காரணம். தமிழ் இலக்கணப்படி த் இரட்டித்தது சரி. த என்பதற்கு டி-எச் என்று எழுதுவது தமிழர் வழக்கம், அதுவும் சரி. இரண்டு சரிகளும் சேர்ந்து ஒரு ஆங்கிலக் கண்ணுக்குப் படிக்க முடியாத சொல்லைப் பெற்றெடுத்தன.

த என்பதற்கு டி-எச் போடும் வழக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஊர்ப்பெயர்களை எழுத எந்த விதியும் கிடையாது. காதில் விழுந்ததை அவரவர் எழுதினார்கள். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு இந்தப் பகுதி முழுக்கக் கம்பெனி கைக்கு வந்தது. 1800-இல் பயணம் வந்த பிரான்சிஸ் புக்கானன், ஊர்ப்பெயரின் நடுவில் 'ஏ' வரும் இடத்தில் 'ஈ' போட்டு எழுதினார். 1804-இல் மாவட்டம், 1866-இல் நகராட்சி என்று ஆவணங்கள் பெருகப் பெருக இன்றைய ஸ்பெல்லிங் கெட்டிப்பட்டது. மைசூர், பெங்களூர், மங்களூர், தஞ்சாவூர், வேலூர் எல்லாவற்றுக்கும் அதே 'ஓ-ஆர்-ஈ' வால். ஆங்கிலத்தில் 'ஸ்டோர்', 'மோர்' என்று ஏற்கனவே பழகிய வால் என்பதால் எழுத வசதியாக இருந்திருக்கும். சிங்கப்பூரின் ஆங்கில வாலும் இப்படித்தான் முடிகிறது, ஆனால் அதன் மூலம் 'சிங்கபுரா'. அதாவது அங்கே ஒளிந்திருப்பது புரம்!

1870-களில் வில்லியம் வில்சன் ஹன்டர் என்ற அதிகாரி இதற்கு ஒழுங்கு கொண்டுவரப் பார்த்தார். இந்தியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத அவர் வகுத்த முறைதான் சில திருத்தங்களோடு இன்றும் இந்திய அரசின் முறை. அதில் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: ஏற்கனவே பிரபலமாகிவிட்ட பெயர்களைத் தொட வேண்டாம் என்று. கோயம்புத்தூரைப் போன்ற பெயர்கள் இப்படித் தப்பித்தன. புதிதாக எழுதப்பட்ட சின்ன ஊர்களுக்கு 'யு-ஆர்' வால் வந்தது.

ஹன்டர் முறை வடக்கத்தி மொழிகளை மனதில் வைத்துச் செய்தது. அதில் த-வுக்கு வெறும் டி, அதாவது டீயின் டி. ட-வுக்கும் அதே டி தான், கீழே ஒரு புள்ளி வைக்க வேண்டும். அச்சில் புள்ளி காணாமல் போனதும் த்த-வும் ட்ட-வும் ஒன்றாகிவிட்டன. பட்டு, பத்து இரண்டும் ஒரே ஸ்பெல்லிங் என்றால் தமிழனுக்கு எப்படிச் சரிவரும்? அதனால் த-வுக்கு ஒரு 'எச்' சேர்த்துக்கொண்டார்கள். லதா, கவிதா என்ற பெயர்களில் தெற்கே 'எச்' இருப்பதும் வடக்கே இல்லாததும் இதனால்தான்.

விளைவு, கோயம்புத்தூரைச் சுற்றியே ஒரு வாலுக்கு மூன்று ஸ்பெல்லிங். கோயம்புத்தூருக்கும் வெள்ளலூருக்கும் ஓ-ஆர்-ஈ. பேரூர், சூலூர், அன்னூர், சிங்காநல்லூருக்கு யு-ஆர். காட்டூருக்கு ஓ-ஓ-ஆர். மலையேறிக் குன்னூர் போனால் அங்கேயும் ஓ-ஓ-ஆர். ஒண்டிப்புதூரின் த-வுக்கு டாக்டரின் டி. போத்தனூரில் தமிழில் இரண்டு த் அழுத்தமாக இருக்க, ரயில்வே நெடுங்காலம் ஒற்றை டாக்டர் டி போட்டே எழுதியது.

மேட்டுப்பாளையம் இன்னும் வேடிக்கை. மேடு, பாளையம் இரண்டும் சேரும்போது தமிழில் இரண்டு இடத்தில் இரட்டிப்பு நடக்கிறது: ட் ஒன்று, ப் ஒன்று. ஆங்கில ஸ்பெல்லிங் முதல் இரட்டிப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டாவதைக் கண்டுகொள்ளவே இல்லை. (பாளையத்துக்கு முன்னால் ப் போடுவதா வேண்டாமா என்பதில் தமிழ்ப் பலகைகளே ஒற்றுமையாக இல்லை என்பது வேறு விஷயம்.) திருப்பூரிலும் இதே ப் தகராறுதான். பின்னலாடை ஏற்றுமதி உலகம் ஒற்றை 'பி' போட்டுப் பழகியது. 2009-இல் வந்த மாவட்டத்தின் பெயரில் இரண்டு 'பி'.

இவ்வளவு குளறுபடி இருக்கும்போது ஒழுங்குபடுத்த நினைத்ததில் தவறில்லை. ஊர்க்காரர்கள் சொல்கிறபடி ஊர்ப்பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசையும் நியாயமானது. கர்நாடகம் அதைச் செய்து காட்டியது. பெங்களூரின் பெயரை மாற்றப்போவதாக 2005-இல் அறிவித்தார்கள். மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்து நடைமுறைக்கு வந்தது 2014 நவம்பர் 1 அன்று. மைசூர், மங்களூர் உட்பட 12 ஊர்கள். ஓ-ஆர்-ஈ வால் போய் 'யு-ஆர்-யு' வந்தது. அங்கே பிரச்னை பெரிதாகாததற்கு ஒரு காரணம், புதிய ஸ்பெல்லிங்கை யார் வேண்டுமானாலும் தடுக்காமல் படிக்கலாம்.

2020 ஆணையின் கோளாறு உள்ளேயே இருந்தது. உச்சரிப்பைப் பின்பற்றுவதாகச் சொன்ன ஆணை, கோயம்புத்தூரில் பஸ்ஸின் பி-யைத் தூக்கிவிட்டுப் பேப்பரின் பி-யை வைத்தது. தமிழில் ம் என்ற எழுத்துக்குப் பின் வரும் ப மெல்லத்தான் ஒலிக்கும். கம்பு, பாம்பு, அம்பு என்று சொல்லிப் பாருங்கள், பஸ்ஸின் பி தான் வரும். அந்த வகையில் பழைய வெள்ளைக்காரன் காது சரியாகவே கேட்டிருக்கிறது. இதே ஆணை எழும்பூருக்குப் பஸ்ஸின் பி போட்டது! ஒரே ம்-முக்குப் பின்னால் ஒரே ப, ஊருக்கு ஊர் வேறு எழுத்து. இதில் கொங்குக்காரர்கள் பேச்சில் சொல்வதோ 'கோயமுத்தூர்'. அங்கே எந்த பி-யும் கிடையாது.

வேலூருக்கு நடந்தது இன்னும் மோசம். வே என்பதற்கு 'வி-ஈ-ஈ', லூர் என்பதற்கு 'எல்-ஓ-ஓ-ஆர்'. ஆங்கிலம் படித்த எவரும் 'வீலூர்' என்றுதான் வாசிப்பார். கணினியில் ரோமன் எழுத்தை வைத்துத் தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த மர்மம் ஓரளவு புரியும். முரசு அஞ்சல் முறையில் 'ஈ-ஈ' அடித்தால் ஏ வரும், 'ஓ-ஓ' அடித்தால் ஓ வரும். அந்த முறையில் ஆணையின் ஸ்பெல்லிங்கை அடித்தால் 'வேலோர்' என்று விழும். ஆங்கில வாசிப்பில் வீலூர், தட்டச்சில் வேலோர். எந்த வழியில் போனாலும் வேலூர் மட்டும் வராது.

ஸ்பெல்லிங் மாற்றமே நம் ஊரில் எடுபடாது என்று சொல்லிவிடவும் முடியாது. இதே கொங்கு நாட்டில், ஈரோட்டிலிருந்து கிளம்பிய ஒரு மாற்றத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்துகிறது. பெரியார் 1925-இல் ஈரோட்டில் தொடங்கிய குடிஅரசு இதழில் 1935-ஆம் ஆண்டு ஜனவரியில் சீர்திருத்த எழுத்துகளை அச்சிட ஆரம்பித்தார். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் கை, சை போல எழுதப்படவில்லை. அவற்றின் தலையில் தும்பிக்கை போல ஒரு சுழி இருந்தது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி உருவங்கள். இந்த ஏழும் இவற்றை ஒட்டி ணொ, ணோ வரிசையில் வரும் ஆறும் ஆக 13 எழுத்துகள். மற்ற எழுத்துகளுக்கு ஒட்டுகிற அதே காலும் அதே கொம்பும் இவற்றுக்கும் ஒட்டட்டும் என்பதுதான் யோசனை. எழுத்தோடு சேரும் வாலில் விதிவிலக்கு வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

எந்த அரசாணைக்கும் அவர் காத்திருக்கவில்லை. தன் பத்திரிகையில் தானே அச்சுக் கோத்துக் காட்டினார். படித்தவர்கள் பழகினார்கள். 43 ஆண்டுகள் கழித்து, பெரியார் நூற்றாண்டு சமயத்தில், 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. ஐ, ஔ இரண்டையும் கைவிட்டு அய், அவ் என்று எழுதும் யோசனையை மட்டும் அரசு ஏற்கவில்லை. ஆணை வந்தபோது மக்களின் கண் ஏற்கனவே பாதி பழகியிருந்தது.

அமெரிக்காவிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். நோவா வெப்ஸ்டர் 1828-இல் அகராதி போட்டபோது, 'டிராவலிங்' போன்ற சொற்களில் வால் சேரும்போது இரட்டிக்கும் 'எல்' வேண்டாம் என்றார். அமெரிக்கா ஏற்றுக்கொண்டது; இங்கிலாந்து இன்றுவரை இரண்டு 'எல்' போடுகிறது. ஆனால் நாக்கு என்று பொருள்படும் 'டங்' என்ற சொல்லை டி-யு-என்-ஜி என்று ஒலிப்படி எழுதலாம் என்று அவர் சொன்னதை அமெரிக்கர்களே கேட்கவில்லை. படிக்கும்போது கண் தடுக்காத மாற்றம் நின்றது. தடுக்கியது உதிர்ந்தது.

1018 ஊர்களின் விஷயத்தில் பழகுவதற்கு யாருக்கும் அவகாசம் தரப்படவில்லை. ஸ்பெல்லிங் மாறினால் மாறுவது பெயர்ப்பலகை மட்டும் இல்லையே. நிலப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்லூரி மதிப்பெண் பட்டியல், வெளிநாட்டுக்குப் போகும் துணிப் பெட்டியின் மேல் ஒட்டிய விலாசம் எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருக்கிறது. ஒரு எழுத்து பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பி வந்த அனுபவம் எந்த ஊரிலும் உண்டு.

ஆணையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த அப்போதைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் க. பாண்டியராஜன், எழுத்துப்பெயர்ப்பு பற்றி வல்லுநர்களின் கருத்தைக் கேட்டுப் புதிய ஆணை வெளியிடப்படும் என்றார். கோயம்புத்தூர் ஆங்கிலத்தில் இன்னும் அந்தப் பழைய பத்து எழுத்தில்தான் இருக்கிறது. அதன் ரயில் நிலையத்தின் குறியீடு சி-பி-ஈ, விமான நிலையத்தின் குறியீடு சி-ஜே-பி. இரண்டிலும் இருப்பது பஸ்ஸின் பி.